வீட்டு முயலுக்கு நகம் வெட்டுவது எப்படி? முயல் வளர்ப்போர் கவனத்துக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆடு, கோழியுடன் வீட்டுக்கு ஒன்றிரண்டு முயல் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தீவனம், தண்ணீர், கூண்டு சுத்தம் ஆகியவற்றைக் கவனிக்கும் பலர் முயலின் நகத்தைக் கவனிப்பதில்லை. நகம் கம்பி வலையில் மாட்டிப் பிய்ந்து ரத்தம் வந்த பிறகுதான் மருத்துவரைத் தேடுகிறார்கள். சரியான முறை தெரிந்தால், நகத்தை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் வெட்டிவிடலாம். முறை தெரியாமல் பிடித்தால் முயலின் முதுகெலும்பே முறியலாம். எனவே முழுவதும் படித்த பிறகு செய்யுங்கள்.

நகம் ஏன் நீள்கிறது?

முயலின் நகம் வாழ்நாள் முழுவதும் வளரும். குழி தோண்டி ஓடித் திரியும் முயலுக்கு அது தானாகத் தேய்ந்துவிடும். கூண்டு முயலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கம்பி வலையும் நம் கடற்கரைப் பகுதியின் மென்மணலும் நகத்தை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை.

நீண்ட நகத்தால் வரும் தொல்லைகள்:

• வலை இடுக்கில் மாட்டி நகம் வேரோடு பிய்யும், விரல் முறியும்.
• விரலை ஊன்ற முடியாமல் எடை குதிகாலில் விழும். அங்கு முடி உதிர்ந்து புண் வரும். மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கூண்டு ஈரமாக இருந்தால் புண் சீக்கிரம் பெரிதாகும்.
• இனச்சேர்க்கையின்போது பெண் முயலின் முதுகில் கீறல் விழும்.
• தூக்கும் பிள்ளைகளின் கையைக் கிழிக்கும்.

எப்போது வெட்ட வேண்டும்?

பாத முடியைத் தாண்டி நகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, பக்கவாட்டில் வளைந்திருந்தாலோ, சிமென்ட் தரையில் நடக்கும்போது 'டக் டக்' எனச் சத்தம் கேட்டாலோ வெட்டும் காலம் வந்துவிட்டது. பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் போதும்.

நம் மாவட்டத்தில் நேரம் மிக முக்கியம். முயலுக்கு வியர்வை மூலம் உடலைக் குளிர்விக்க முடியாது. காது வழியாகத்தான் பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே அது திணறும். பங்குனி முதல் ஆனி வரை பகலில் முயலைப் பிடித்துத் துணியில் சுற்றினால் பயமும் வெப்பமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வளர்த்து வருகிறது. இவை குளிர்ந்த இடத்துக்கு ஏற்ற இனங்கள். அவற்றை இங்கே வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதிகாலையில், வெயில் ஏறும் முன் வெட்டுவதே நல்லது.

சினை முயலுக்குக் கடைசி வாரத்தில் நகம் வெட்ட வேண்டாம். முயலின் சினைக்காலம் சுமார் 30 நாள்தான் என்பதால், இனச்சேர்க்கைக்கு விடும் முன்பே வெட்டிவிடுங்கள்.

தேவையான பொருட்கள்

1. கூர்மையான நகவெட்டி. பூனைக்கு என விற்கும் நகவெட்டி வசதியானது. சிறிய முயலுக்கு நாம் பயன்படுத்தும் நகவெட்டியே போதும். ஆனால் அதை முயலுக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். மழுங்கிய கத்தரி நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். பிளேடு வேண்டவே வேண்டாம்.
2. பழைய பருத்தித் துண்டு.
3. டார்ச் அல்லது செல்போன் விளக்கு.
4. படிகாரப் பொடி அல்லது சோள மாவு, சுத்தமான பஞ்சு.
5. பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள்.

பிடிக்கும் முறை

காதைப் பிடித்து முயலைத் தூக்கவே கூடாது. காதில் ரத்த நாளங்கள் அதிகம். வலியில் முயல் துள்ளும். முயலின் எலும்பு எடை குறைந்தது, பின்னங்கால் சதையோ மிக வலுவானது. பின்பக்கத்துக்குத் தாங்கல் இல்லாமல் தூக்கினால், அது உதைக்கும் வேகத்தில் அதன் இடுப்பு முதுகெலும்பே முறிந்து பின்னங்கால்கள் செயலிழந்துவிடும்.

ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுங்கள். மறு கையால் பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தரையில் உட்கார்ந்துகொண்டே வேலையைச் செய்யுங்கள். துள்ளினாலும் உயரத்திலிருந்து விழாது. மடியில் துண்டை விரித்து முயலை வைத்து, தலை வெளியே தெரியும்படி தளர்வாகச் சுற்றுங்கள். மூக்கு மூடக்கூடாது. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து வெட்ட வேண்டும்.

சிலர் முயலை மல்லாக்கப் போட்டு வெட்டுகிறார்கள். அப்போது அது அசையாமல் கிடப்பது பயத்தால்தான். திடீரெனத் துள்ளி அடிபட்டுக்கொள்ளும் என்பதால் அந்த முறை வேண்டாம்.

வெட்டும் முறை

முயலுக்கு மொத்தம் 18 நகங்கள். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. முன்னங்காலின் ஐந்தாவது நகம் உள்பக்கம் சற்று மேலே, முடிக்குள் மறைந்திருக்கும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். தரையில் படாததால் தேயாமல் வளைந்து சதையில் குத்தும்.

ஒவ்வொரு நகத்தின் உள்ளேயும் ரத்த நாளமும் நரம்பும் கொண்ட உயிர்ச்சதை உண்டு. வெள்ளை நகத்தில் இது இளஞ்சிவப்பாகத் தெரியும். சோவியத் சின்சில்லா, கிரே ஜெயன்ட் போன்றவற்றின் கருத்த நகத்தில் தெரியாது. நகத்துக்குக் கீழிருந்து டார்ச் அடித்தால் நிழல்போலத் தெரியும்.

• விரலின் மேல் முடியை ஒதுக்கி, நகம் முழுவதும் தெரியும்படி லேசாக அழுத்துங்கள்.
• உயிர்ச்சதை முடியும் இடத்திலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி நகவெட்டியை வையுங்கள்.
• உடனே வெட்டாமல் முதலில் மெதுவாக ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள். முயல் காலை இழுத்தால் உயிர்ச்சதைக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். இன்னும் நுனிப்பக்கம் தள்ளி வையுங்கள்.
• ஒரே அழுத்தில் வெட்டுங்கள்.

மாதக்கணக்கில் வெட்டாத நகத்தில் உயிர்ச்சதையும் நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முயல வேண்டாம். நுனியை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் சிறிது வெட்டுங்கள். உயிர்ச்சதை படிப்படியாக உள்ளே போகும்.

முயல் மிகவும் திமிறினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று பிரித்துச் செய்வதில் தவறில்லை.

ரத்தம் வந்தால்

பதற்றம் வேண்டாம். சுத்தமான பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு நகத்தின் நுனியைப் படிகாரப் பொடியிலோ சோள மாவிலோ அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் போன்றவற்றைப் போடக்கூடாது. அன்று முழுவதும் உலர்ந்த சுத்தமான துணி விரித்த இடத்தில் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேலும் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, நகம் வேரோடு பிய்ந்திருந்தாலோ மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

நாமே மருந்து கொடுக்கக் கூடாது. வீட்டில் மீதமிருக்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரையை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு இறந்துவிடும்.

இவற்றையும் பாருங்கள்

நகம் வெட்டும் நாள்தான் பாதத்தை முழுமையாகப் பார்க்கக் கிடைக்கும் நாள். நகத்தின் அடியிலும் மூக்கு, காது ஓரத்திலும் சாம்பல் வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருந்தால் அது சொறி நோய். பிற முயல்களுக்குப் பரவும், மனிதருக்கும் அரிப்பு தரும். அந்த முயலைத் தனியே பிரித்து, நகவெட்டியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். மருத்துவர் எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசி போடுவார். நாய்க்கு உண்ணி நீங்க விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயலுக்கு விடவே கூடாது. அது முயலுக்கு நஞ்சு.

குதிகாலில் முடி உதிர்ந்து சிவந்திருந்தால், கூண்டின் ஒரு பகுதியில் வழவழப்பான பலகை போட்டு முயல் உட்கார இடம் கொடுங்கள். பலகையை ஈரமில்லாமல் வைத்திருங்கள்.

வெட்டிய பிறகு

முயலைக் கூண்டில் விட்டு அகத்தி, வேலிமசால் போன்ற பிடித்த தழையும் தண்ணீரும் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் தாக்கியிருக்கிறது. உடனே நிழலில் வைத்து, காதுகளை ஈரத்துணியால் துடைத்தபடி மருத்துவரை அழையுங்கள். குளிர்ந்த நீரில் முக்கக் கூடாது. 12 மணி நேரமாகத் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் இயக்கம் நின்றிருக்கலாம். இது அவசர நிலை; மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

காட்டு முயல் வேண்டாம்

கருவேலங்காட்டில் பிடித்த காட்டு முயல் குட்டியை வீட்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம். கூண்டில் அது அதிர்ச்சியிலேயே இறந்துவிடும் வாய்ப்பும் அதிகம்.

யாரிடம் கேட்பது?

முதல் முறை அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு முயலைக் கூடையில் வைத்துக் கொண்டு போய், மருத்துவர் வெட்டுவதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் உள்ளது. அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழைக்கலாம்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், பிடிக்க ஆளும் கிடைக்கும். வெட்டத் தேவையில்லாத மாதத்திலும் பாதத்தை ஒரு முறை பார்த்துவிட்டால், புண்ணும் சொறியும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.