கோவிவனுக்கும் ஒரு கல்

பௌர்ணமி இரவில் கிரிவலம் வருவோர் செங்கம் சாலையிலிருந்து பிரிந்து, அடி அண்ணாமலையை எட்டும்போது ஏறக்குறைய பாதிச் சுற்றை முடித்திருப்பார்கள். ஆதி அருணாசலேஸ்வரரைக் கும்பிட்டு, ஒரு சுக்குக் காபி குடித்துவிட்டு, மீதி தூரத்துக்குக் கிளம்புவார்கள். அவர்கள் விட்டுவந்த செங்கம் சாலையிலேயே மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையான போர் நினைவிடங்களான நடுகற்கள் செங்கம் வட்டாரத்து வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. அங்கே கூட்டம் இல்லை.

போர் நினைவிடங்களைத் தேடிப் போவது இன்று உலகெங்கும் தனிச் சுற்றுலாவாகிவிட்டது. பிலிப்பைன்ஸில் கொரேஹிடோர் தீவின் நினைவுச் சின்னத்தைப் பார்ப்பவர்கள், கோரோன் விரிகுடாவில் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள்ளும் இறங்குகிறார்கள். 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் அங்கே கிடக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே, மட்டக்களப்புக் கடலில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ், முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளின் கல்லறையாக ஐம்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களே அதை எட்டிப் பார்க்க முடியும். செங்கத்துக்கு அந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஒரு பேருந்தும், ஊர் ஊராக விசாரிக்கப் பொறுமையும் போதும்.

ஜவ்வாது மலையடியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் செங்கம் சங்க காலத்திலேயே பேர்பெற்ற ஊர். மலைபடுகடாம் பாடும் நன்னனின் தலைநகர் இதுதான். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் அந்த நூல், வழியில் நடுகற்கள் இருப்பதையும் சொல்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட மேய்ச்சல் நிலம் இது. இங்கே ஒருவனுடைய சொத்து என்றால் அவன் மந்தைதான். எல்லை தாண்டி வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போவது போருக்கு அழைப்பு. துரத்திப்போய் மீட்பது ஊரின் மானம். இலக்கணக்காரர்கள் இதை வெட்சி, கரந்தை என்று வகுத்து வைத்தார்கள். கல்வெட்டுகளில் மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். தொறு கொள்ள வந்தவனும் தொறு மீட்டவனும் செத்துவிழுந்த இடங்களில்தான் இந்தக் கற்கள் முளைத்தன.

கற்களில் பெரும்பாலும் தமிழே; எழுத்து மட்டும் வட்டெழுத்து. வாசகத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் பல்லவ மன்னனின் ஆட்சியாண்டு: சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் என்று வரிசையாக வருவார்கள். அடுத்து, பல்லவருக்கு அடங்கி இப்பகுதியை ஆண்ட வாணகோ அரைசர் போன்ற தலைவன். பிறகு, இன்னாருடைய சேவகன் இன்னான், எந்தச் சண்டையில் பட்டான் என்ற சேதி. கடைசியில் ‘கல்’ என்று முடியும். பாராட்டுரையே கிடையாது. மன்னன் பெயர் ஆண்டைக் குறிக்கத்தான் வருகிறது; கல் அவனுக்காக நடப்பட்டதல்ல. காஞ்சியின் பெருமையைப் பாடும் செப்பேடுகளைப் படித்துவிட்டு இங்கே வருபவருக்கு இந்தச் சிக்கனம் ஆச்சரியமாக இருக்கும்.

எடுத்தனூர்க் கல்லைப் பார்ப்போம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்ற இளைஞன் தன் எருமைகளைக் காக்க நின்று மாண்டான். கல்லில் அவன் வில்லும் ஆயுதமுமாக நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய். தலைவன் விழுந்த பிறகும் அது ஓடவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று தனியாக ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயரும் உண்டு: கோவிவன். பல்லவர் படையில் செத்த எத்தனையோ வீரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு மாட்டுக்காரனின் நாய்ப் பெயர் தெரியும்.

இது ஏதோ ஓரூரின் கிறுக்கு அல்ல. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள்.

கல் நடுவதற்கு முறை இருந்தது. தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் கண்டு, நாள் பார்த்துக் கொண்டுவந்து, நீரில் ஆட்டித் தூய்மை செய்து, நட்டு, படையலிட்டு, வாழ்த்தி வணங்குவது. கப்பல்கள் மூழ்கி நினைவிடமாயின. நம்முடைய கற்கள் நீரிலிருந்து எழுந்து நினைவிடமாயின. வழக்கம் பல்லவருக்கு வெகுகாலம் முந்தியது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றிலும் பேச்சு ஆகோளைப் பற்றித்தான், அதாவது மாடு கவரும் பூசலைப் பற்றி.

செங்கத்துக் கற்களை ஊர்க்காரர்கள் மறந்துவிடவில்லை. ஆனால் வேறு பேரில் நினைவு வைத்தார்கள். இப்பகுதியிலும் தருமபுரியிலும் பல நடுகற்கள் இன்று வேடியப்பன். பொங்கல் வைக்கிறார்கள், பலி கொடுக்கிறார்கள். வீரன் யார், எந்த மாட்டுக்காகச் செத்தான் என்பது போய்விட்டது. சாமி மட்டும் தங்கிவிட்டது. எண்ணெயும் மஞ்சளும் தடவித் தடவி எழுத்து மூடிப்போன கற்கள் உண்டு. அதே எண்ணெயால்தான் யாரும் அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எழுத்து மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது தொல்லியல் துறையால். கல்லைத் தூரிகையால் துடைத்து, ஈரக் காகிதத்தை ஒட்டி, தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் அதை இறக்கி, மேலே மை ஒற்றினால், கருப்பில் வெள்ளையாக எழுத்து தெரியும். மைப்படி என்பார்கள். இப்படிப் படித்த கல்வெட்டுகளைத் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. பல்லவர் காலச் சிற்றூர் மனிதர்கள் ஒட்டுமொத்தமாக வரலாற்றுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

இன்னொரு போர் நினைவுக் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேலூர் லாங் பஜாரில் இருக்கும் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு. முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரிழந்தார்கள் என்கிறது. அவ்வளவுதான், ஒரு பெயர்கூட அதில் இல்லை. செங்கத்துச் சிற்றூர் தன் நாயை மறக்காத அளவுக்குப் பேரரசு தன் சிப்பாயை நினைக்கவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சாலை அகலமாகும்போதும் நிலம் திருத்தும்போதும் இன்னமும் கற்கள் வெளிப்படுகின்றன. உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வேப்பமரத்தடியிலோ வில்லேந்திய உருவமும் தலைமாட்டில் நான்கைந்து வரி எழுத்துமாக ஒரு கல் கண்டால், சுண்ணாம்பு அடிக்காதீர்கள். எழுத்து தெரியட்டும் என்று ஆணியால் கீறவும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.