பகாவ் தோட்டங்களில் கலை: திருவிழாப் பணம் ஊரில் தங்குமா?

பகாவ் வட்டாரத் தோட்டக் கோயில்களில் ஆண்டுத் திருவிழா என்றால், அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பணம் நடமாடத் தொடங்கிவிடும். கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, ரத ஜோடனை, பூமாலை, காவடி, நாதஸ்வரம், தவில், உறுமி மேளம், அன்னதானச் சமையல், அழைப்பிதழ், பேனர், வீடியோ என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு சிறு நகரத்துக்கு வேண்டிய தொழில்கள் பாதிக்கு மேல் அதில் வந்துவிடும். ஆனால் அந்த நாளில் கோயில் வாசலில் வந்து நிற்கும் வேன்களின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படித்தாலே போதும். சிரம்பான், கிள்ளான், கோலாலம்பூர். தோட்ட மக்கள் வெள்ளியும் காசுமாகச் சேர்த்த பணம் மூன்றாம் நாள் அதே வேன்களில் ஏறிப் போய்விடுகிறது.

'படைப்புத் தொழில்', 'பண்பாட்டுத் தொழில்' என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இதைப் பற்றித்தான். இசை, கூத்து, சினிமா, கைவினை, அச்சு, வடிவமைப்பு போன்றவற்றைப் பொழுதுபோக்காக மட்டும் பார்க்காமல், வருமானம் தரும் தொழிலாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டன் 1998-இல் இப்படிக் கணக்கெடுத்தது. ஐக்கிய நாட்டு நிறுவனம் 2021-ஆம் ஆண்டைப் படைப்புப் பொருளாதார ஆண்டாக அறிவித்தது. மலேசியாவில் கைவினைக்கு 1979 முதல் கிராஃப்தாங்கான், சினிமாவுக்கு 1981 முதல் ஃபினாஸ், பொதுவாகக் கலைத் துறைக்கு 2017 முதல் செண்டானா என்று அமைப்புகள் இருக்கின்றன. அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் பலன் ஜெம்போல் மாவட்டத்துத் தோட்டப்புறம் வரை வருகிறதா என்பதுதான் கேள்வி.

பகாவுக்கு இந்தக் கேள்வி அவசரமானது. கெடிஸ், ஜெராம் பாடாங், செயின்ட் ஹிலியர் போன்ற தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. கித்தா மரம் இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் பால் வெட்ட ஆள் வேண்டும். அதனால் லயம் நிறைய குடும்பங்கள் இருந்தன. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. இருக்கும் வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். படித்த பிள்ளைகள் சிரம்பானுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மிஞ்சி நிற்கின்றன.

இதே நிலையில் இருந்த ஓர் ஊர் எப்படிச் சமாளித்தது என்று பார்க்க, காரைக்குடிப் பக்கம் போகலாம். அந்த ஊரின் மாளிகைகளில் மலாயாவின் பணமும் கலந்திருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் செய்தும் தோட்டங்கள் வாங்கியும் நகரத்தார் ஈட்டியது அங்கே தேக்குத் தூண்களாக நின்றது. போருக்குப் பின் அந்த வருமானம் வற்றியது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1999-இல் காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதி தொடங்கியது. பிறகு கானாடுகாத்தானில் 'விசாலம்' போன்றவை வந்தன. சமையல், ஆத்தங்குடிப் பூங்கல், கண்டாங்கிச் சேலை, சினிமாப் படப்பிடிப்பு என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வளர்ந்தன. கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. எல்லாம் நல்லபடி நடந்ததாகச் சொல்ல முடியாது. இடிக்கப்பட்ட வீடுகளின் தூணும் கதவும் பழம்பொருள் கடைகளில் விலை போயின. காக்கப்பட்டதைவிட விற்கப்பட்டது அதிகமோ என்று தோன்றும்.

காரைக்குடிக்கு மாளிகை இருந்தது, பகாவுக்கு லயம்தானே என்று கேட்கலாம். நரசிங்கம்பேட்டைக்கு மாளிகை கிடையாது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் சில குடும்பங்கள் நாதஸ்வரம் கடைகின்றன. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரம்தான் மூலப்பொருள். 1955-இல் ரங்கநாதன் ஆசாரி, டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுத்த மத்திமம் சரியாகப் பேசும் பாரி நாதஸ்வரத்தை வடிவமைத்தார். 2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்துத் திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறார்கள். வாத்தியம் ஓர் ஊரில், சீவாளி அடுத்த ஊரில், வாசிப்பவர் இன்னோர் ஊரில் என்று ஒரு வட்டாரமே அதில் பிழைக்கிறது. மலேசியக் கோயில்களில் ஒலிக்கும் நாதஸ்வரத்தின் வேரும் காவிரிக்கரையில்தான் இருக்கிறது. நம் கோயில்கள் பல, அர்ச்சகருக்கும் சிற்பிக்கும் நாதஸ்வரக் கலைஞருக்கும் தமிழ்நாட்டையே நம்பி, வேலை அனுமதிக்காக ஆண்டுதோறும் காத்திருக்கின்றன.

உறுமி மேளம் அப்படியல்ல. அது தோட்டத்துப் பையன்கள் தாங்களே கற்றுத் தாங்களே வளர்த்த கலை. ஆனால் ஒரு குழுவுக்குத் திருவிழாக் காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் வருமானமும் இருக்காது. தோல் மாற்ற, வார் கட்ட, கருவி வாங்கப் பட்டணம் போக வேண்டும். கருவி பழுது பார்க்கும் ஒரு பட்டறை பகாவிலேயே இருந்தால் அதை நம்பி ஒரு குடும்பம் பிழைக்கும், சுற்றுவட்டாரக் குழுக்களுக்கும் அலைச்சல் குறையும்.

இன்னும் பக்கத்தில், மலேசியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரித் தீவில் செம்பனைக் காட்டுக்கு நடுவே சுங்கை பும்பூன் கிராமத்தில் மா மேரி பூர்வகுடியினர் நீரே பத்து மரத்தில் முகமூடியும் சிலையும் செதுக்குகிறார்கள். பெண்கள் ஓலை முடைகிறார்கள். மூதாதையரை வணங்கும் ஹரி மோயாங் விழாவைப் பார்க்க வெளியாட்கள் தேடி வருகிறார்கள். சாமி கும்பிடுவது அவர்களுக்காகத்தான். செதுக்கி விற்பது வருகிறவர்களுக்காக. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதில்தான் சூட்சுமம். தோட்டக் கோயில் திருவிழாவைச் சுற்றுலாக் காட்சியாக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சினிமா வேறு வகை. தோட்ட வாழ்க்கையை வைத்து தீபக் குமாரன் மேனன் 2005-இல் 'செம்மண் சாலை' எடுத்தார். தோட்டத்தைவிட்டுப் பெயர்ந்த மக்களைப் பற்றிய சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மொழிவாரியாகப் படங்களைப் பிரித்ததால் பெரிய சர்ச்சை எழுந்தது; முடிவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. நம் கதைக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் படப்பிடிப்புக் குழு ஓர் ஊரில் சில வாரங்கள்தான் இருக்கும். சாப்பாடு, தங்குமிடம், வண்டி, துணை நடிகர் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைத்தால்தான் பலன். இல்லாவிட்டால் நடிகரோடு எடுத்த போட்டோதான் மிஞ்சும்.

பகாவுக்கே உரிய கதைகளும் குறைவில்லை. ஜெம்போல் ஆற்றிலிருந்து செர்த்திங் ஆற்றுக்குப் படகைத் தரையில் இழுத்துச் சென்ற 'பெனாரிக்கான்' வழி இங்கேதான். மலாக்காப் பக்கத்திலிருந்து பகாங் போக அந்தக் காலத்தில் அதுவே குறுக்குவழி. 1943-ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானியர் சிங்கப்பூரின் யூரேசியர்களையும் கத்தோலிக்கச் சீனர்களையும் 'ஃபுஜி கோ' என்ற குடியேற்றத்துக்கு இங்கே அனுப்பினர். மலேரியாவிலும் பசியிலும் பலர் மாண்டனர்; ஆயர் டெவால்ஸ் 1945 ஜனவரியில் இறந்தார். அவர்களின் வாரிசுகள் அதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார்கள், தேடியும் வருகிறார்கள். அதே காலத்தில் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டதை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கினர். பகாவ் தோட்டங்களில் யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்பது இன்னமும் வீட்டுப் பேச்சாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்த பாட்டிகளுக்கு வயதாகிவிட்டது. பினாங்கில் 1999 முதல் இயங்கும் ஆர்ட்ஸ்-எட், பாலிக் புலாவ் பிள்ளைகளை வைத்து ஊர்க் கதைகளைச் சேகரிக்க வைத்தது. அதற்குப் பின்னால் இருந்த ஜேனட் பிள்ளை பண்பாட்டு வரைபடம் தயாரிப்பது பற்றிக் கையேடே எழுதியிருக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, கைப்பேசியும் நோட்டும் இருந்தால், இது முடியாத வேலையல்ல.

பணத்துக்கு எங்கே போவது? தோட்டத் துண்டாடலின்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் சேர்த்த காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. இன்று கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள சோமா அரங்கில் நடக்கும் நாடகமும் நூல் வெளியீடும் அந்தக் காசின் நீட்சிதான். தோட்டக் காசில் தலைநகரில் ஓர் அரங்கு எழுந்தது. தோட்ட ஊர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

அரசு நிதிக்கு மனு போட வேண்டுமானால் முதலில் குழுவுக்குப் பதிவு வேண்டும். எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயரில் தனியுரிமைத் தொழிலாகப் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரிலேயே என்றால் 30 ரிங்கிட். வங்கிக் கணக்கு, செய்த நிகழ்ச்சிகளின் படம், ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். பல உறுமிக் குழுக்கள் கைக்குக் கை காசு வாங்குவதால் எழுத்தில் அவர்கள் இருப்பதே தெரிவதில்லை. கோயில் நிர்வாகங்களும் உள்ளூர்க் குழுவிடம் ரசீது கேட்டு வாங்கினால் இரு தரப்புக்கும் நல்லது.

இதற்கெல்லாம் அடியில் நிலம் இருக்கிறது. தோட்டக் கோயில் பலவும் கம்பெனி நிலத்தில் நிற்பவை. தோட்டம் கைமாறினால் கோயில் பெயர்கிறது, சில இடங்களில் மறைகிறது. அதோடு திருவிழாவும், அதை நம்பிய மேளமும் மாலைக்கடையும் போய்விடுகின்றன. பட்டா இருக்கிறதா, கம்பெனியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலாவது இருக்கிறதா என்று இந்த ஆண்டுத் திருவிழாக் கூட்டத்திலேயே நிர்வாகத்தைக் கேட்கலாம்.