ஹோஷங்காபாத்தின் காலிக் கட்டங்கள்

நான் படித்த பள்ளியின் சோதனைச்சாலையில், ஊசலைக் கட்டி ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய நாளன்று, நாங்கள் யாவரும் நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது 980 என்ற விடையைத்தான். அந்த விடைக்கு ஒத்துவரும்படி ஊசலின் நீளங்களையும் ஆட்டத்தின் விநாடிகளையும் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டு, அட்டவணையை அழகாக நிரப்பி, உபாத்தியாயரின் கையொப்பத்தையும் பெற்றுவிட்டோம். ஊசல் ஆடியதோ இல்லையோ, எங்களுக்கு மதிப்பெண் கிடைத்தது.

இந்தச் சிறு கபடத்திற்கு இடமே இல்லாத ஒரு கல்வி முறை நம் தேசத்திலேயே முப்பது ஆண்டுகள் நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதையின் தென்கரையை ஒட்டிய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டு, மும்பை டாடா ஆராய்ச்சிக் கழகத்தை விட்டு வந்த விஞ்ஞானி அனில் சத்கோபால் தோற்றுவித்த கிஷோர் பாரதி அமைப்பும், ரசூலியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திவந்த கிராம மையமும் சேர்ந்து, 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் புதிய விஞ்ஞான போதனையை ஆரம்பித்தன. டில்லி சர்வகலாசாலை ஆசிரியர்கள் பலர் அதற்குத் துணை நின்றனர்.

'பால வைஞானிக்' என்று பெயரிட்ட அதன் பாடநூலில் விடைகளைத் தேடுபவன் ஏமாந்துதான் போவான். அதில் இருந்தவை செய்முறைகளும் வினாக்களும் நிரப்பப்படாத கட்டங்களுமே. நான்கு நான்கு பேராகக் குழு பிரிந்து ஒரே மேசையைப் பிள்ளைகள் அளக்கும்போது, ஒருவனுக்கு வந்த நீளம் மற்றவனுக்கு வராது. நம் காலத்து வாத்தியாராக இருந்தால் ஒன்றைச் சரியென்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்திருப்பார். இங்கோ அந்த ஏற்றக்குறைச்சலே பாடமாயிற்று: எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதி, எது அடிக்கடி வருகிறது, எது தனித்து நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று வகுப்பே விசாரித்தது.

இதைவிட ரஸமானது தற்செயலையும் நிகழ்தகவையும் பற்றிய பாடம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எத்தனை தலை விழும் என்று கேட்டால், ஐந்து என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். சுண்டிப் பார்த்தாலோ, சரியாக ஐந்து விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு தடவைதான். ஒரு பையனுக்கு ஏழு, பக்கத்திலிருப்பவனுக்கு மூன்று. அனுமானம் பொய்த்த பிள்ளை அந்த ஏழை ஐந்தாக்கித் திருத்த வேண்டிய அவசியமில்லை. வகுப்பு முழுவதும் சுண்டியவற்றைக் கூட்டினால், தலையின் பங்கு பாதியை நெருங்கி வரும் விந்தையை அவனே காண்பான். அவன் எழுதிய ஏழு அந்தக் கூட்டலுக்குள் இருந்தாக வேண்டும். அதை அழித்துவிட்டால் விந்தையும் இல்லை.

உபகரணங்களுக்கும் பஞ்சமில்லை. 1978-இல் புனேயின் டெல்கோ ஆலையிலிருந்து விடுப்பெடுத்து வந்த எஞ்சினியர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வுக் குழாயைத் துண்டாக்கித் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் கனசதுரமும் செய்யக் காட்டினார். உபாத்தியாயர்களும் கோடைப் பயிற்சியில் மாணாக்கரைப் போலவே அமர்ந்து ஒவ்வொரு சோதனையையும் தம் கையால் செய்தார்கள். மாதந்தோறும் கூடித் தங்கள் வகுப்பில் எது பிசகியது என்று பேசினார்கள். சந்தேகம் தீராத பிள்ளைகள் கடிதம் எழுத 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரையும் படைத்து வைத்திருந்தார்கள். பதில் வராமல் போகாது. பரீட்சையிலோ புத்தகத்தையும் தன் நோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம்; காப்பி அடிப்பது என்ற குற்றமே அங்கு அர்த்தமிழந்தது.

1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் இம்முறை பரவியது. 1982-இல் பிறந்த ஏகலவ்யா நிறுவனம் பொறுப்பேற்று வேறு மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. 2002-இல் மாநில அரசு இதை நிறுத்தி, எங்கும் ஒரே பாடநூல் என்றாக்கிவிட்டது. ஒரே பாடநூல் என்பது நிர்வாகத்திற்குச் சௌகரியமான காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளைகளுக்கு அது சௌகரியமா என்று கேட்டவர்கள் சொற்பமே.

'பால வைஞானிக்' நூல்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றின் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன.