தொடர்நூல்களை எம்முறையிற் படிப்பது?

நெடுந்தொடராக வந்த நூல்களைக் கதை நிகழும் முறையிற் படிப்பதா, அவை வெளிவந்த முறையிற் படிப்பதா? ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையைப் படிக்க விழைந்த என் மகன் எழுப்பிய வினா இது.

ரோமப் பேரரசின் வீழ்ச்சி குறித்துக் கிப்பன் எழுதிய வரலாற்றின் தூண்டுதலால், விண்மீன்களிடையே பரந்த பேரரசொன்றின் சரிவை அசிமோவ் புனைந்தார். 1942 மே முதல் 1950 ஜனவரி வரை எட்டுக் கதைகள் 'அஸ்டவுண்டிங்' என்னும் அமெரிக்க இதழில் வந்தன. 1951 முதல் 1953க்குள் மூன்று நூல்களாயின. முதல் நூலின் முதற் பகுதியோ 1951இல் புதிதாக எழுதிச் சேர்க்கப்பட்டது. பாயிரம் முன்னே நிற்பினும் நூலுக்குப் பின் பிறப்பதன்றோ!

1982இல் தொடர் மீண்டும் தளிர்த்தது. 1988இல் வெளிவந்த 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' நூலில் ஹரி செல்டன் இளைஞன். தன் கணிதம் வருங்காலத்தை உரைக்க வல்லதோ என ஐயுறுபவன். 1942ஆம் ஆண்டுக் கதையிலோ அவன் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. கடைக்கோடிக் கோளில் கலைக்களஞ்சியம் தொகுக்கவே தாம் குடியேற்றப்பட்டதாக அறிஞர்கள் நம்பியிருக்க, ஐம்பதாண்டு கழிந்து அவனது பதிவுருவம் தோன்றி, அப்பணி வெறும் போர்வையே என்கிறது. (இன்னும் படியாதோர் பொறுத்தருள்க.) இளைஞனின் தடுமாற்றத்தை முன்னரே கண்டவர்க்கு அவ்வுருவத்தின் வியப்பு பாதியாகக் குறையும்.

1988ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் ஆசிரியரே நிகழ்ச்சி முறைப்படி தம் நூல்களை வரிசைப்படுத்தியுள்ளார். அவரை மறுக்கத் துணிந்து, 1951ஆம் ஆண்டு நூலையே மகன் கையில் கொடுத்தேன். இளைய செல்டன் அலமாரியிற் காத்திருக்கிறான்.