கதவைச் சாத்தாமல் பிரிந்தவர்கள்

கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் வரலாம், யாரும் எழுதலாம், எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்றுதான் நாங்கள் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம். வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. மூலநிரல் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் அதற்குள் எது சேரலாம், எது சேரக்கூடாது என்று தீர்மானிக்கிற சாவி ஒரு சிலரின் கையில் இருந்திருக்கிறது. அந்தச் சாவிக்காக நடந்த ஒரு இழுபறியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். அதன் கம்பைலரான ஜிசிசி 1987 இல் வெளிவந்தது. நாங்கள் எழுதும் நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை. அது இல்லாவிட்டால் மற்ற எந்த மென்பொருளையும் கட்ட முடியாது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோது அவருக்குக் கைகொடுத்ததும் ஜிசிசிதான்.

பிரச்சினை 90களின் நடுப்பகுதியில் முற்றியது. பென்டியம் சிப்புகள் வந்துவிட்டன, சி++ மொழி வேகமாக மாறிக்கொண்டிருந்தது. பென்டியத்துக்கு ஒரு கூட்டம், ஃபோர்ட்ரானுக்கு இன்னொரு கூட்டம் என்று ஆளுக்காள் ஜிசிசியைத் திருத்தி வைத்திருந்தார்கள். அந்தத் திருத்தங்கள் மூலப் பிரதிக்குள் போய்ச்சேரத்தான் வழியில்லை. வளர்ச்சியில் இருக்கும் நிரல் ஒரு சிறு வட்டத்துக்குள்தான் சுற்றியது. 1995 இல் 2.7 வெளிவந்தது. அடுத்த பெரிய வெளியீடான 2.8 வர 1998 ஜனவரி ஆகிவிட்டது.

இதை வெறும் அதிகார ஆசை என்று தள்ளிவிட முடியாது. கம்பைலரில் ஒரு பிழை புகுந்தால், அதனால் கட்டப்படும் எல்லா மென்பொருளுக்கும் அது தொற்றும். ஜிசிசி ஓடவேண்டிய கணினி வகைகளும் ஏராளம். ஆகவே மெதுவாகப் போவோம், ஒவ்வொன்றையும் பார்த்துச் சேர்ப்போம் என்ற கவனத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கவனமே பங்களிக்க வந்தவர்களை வெளியே காக்க வைத்தது.

1997 மே மாதம் எரிக் ரேமண்ட் தன் புகழ்பெற்ற ‘தேவாலயமும் சந்தையும்’ கட்டுரையை ஜெர்மனியில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் வாசித்தார். அதில் வரும் தேவாலயத்தைப் பலர் மைக்ரோசொஃப்ட் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரேமண்ட் சுட்டியது க்னூ திட்டத்தின் உள்ளேயே இருந்த மூடிய பழக்கத்தைத்தான். லினக்ஸின் பரபரப்பான முறையைத்தான் அவர் சந்தை என்றார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சிக்னஸ் நிறுவனத்தின் பொறியியலாளர்களும் வெளியே இருந்த பலரும் சேர்ந்து ஈஜிசிஎஸ் என்ற தனிக்கிளையைத் தொடங்கினார்கள். ‘எக்ஸ்’, அதாவது முட்டைகள் என்று அதை உச்சரிப்பார்கள். வளர்ச்சியில் இருக்கும் நிரலை யாரும் எந்த நேரமும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். சிதறிக்கிடந்த திருத்தங்களை ஒன்றாக்கினார்கள். டிசம்பரிலேயே முதல் வெளியீடு வந்துவிட்டது.

எங்களுக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பிரிந்துபோனவர்கள் கோபத்தில் எல்லாவற்றையும் அறுத்தெறியவில்லை. பங்களிப்பவர்கள் பதிப்புரிமையை ஸ்டோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கே எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற பழைய விதியை அப்படியே வைத்திருந்தார்கள். அதனால் மறுபடி சேர்வதற்குச் சட்டத் தடை எதுவும் இருக்கவில்லை. 1999 ஏப்ரலில் அறக்கட்டளை இறங்கிவந்து ஈஜிசிஎஸ் குழுவையே ஜிசிசியின் அதிகாரபூர்வப் பராமரிப்பாளராக ஏற்றுக்கொண்டது. ஜூலையில் வெளிவந்த 2.95 இரண்டு கிளைகளும் ஒன்றான ஜிசிசி.

எல்லாப் பிரிவும் இப்படி முடிவதில்லை. ஈமாக்ஸ் என்ற தொகுப்பு மென்பொருளிலிருந்து 90களின் தொடக்கத்தில் பிரிந்த கிளை, பின்னாளில் எக்ஸ்ஈமாக்ஸ் எனப்பட்டது, திரும்பி வரவேயில்லை. அங்கே பதிப்புரிமைப் பத்திரங்கள் முறையாக இல்லாததும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, வென்றது சந்தையா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. புதிய ஜிசிசியிலும் யாரும் நினைத்தபடி நிரலைச் சேர்த்துவிட முடியாது, பரிசோதனையும் அனுமதியும் உண்டு. மேலே ஒரு வழிநடத்தல் குழுவும் இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவை அமைத்த நோக்கமே எந்தத் தனிமனிதரோ நிறுவனமோ திட்டத்தைக் கைப்பற்றக்கூடாது என்பதுதான். கட்டுப்பாடு இருந்தது, ஆனால் அது எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்தது.

வாசிப்பு வட்டமோ விளையாட்டுக் கழகமோ, எங்கள் ஊர்களிலும் இதே சண்டைதான் நடக்கிறது. பழைய ஆக்கள் விடமாட்டார்கள், புது ஆக்கள் கோபித்துக்கொண்டு போய் இன்னொன்று தொடங்குவார்கள். போகிறவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வழியை விட்டுவிட்டுப் போகிறார்களா? இருக்கிறவர்கள் தோற்றதை ஒத்துக்கொண்டு சாவியைக் கொடுக்கத் தயாரா? ஜிசிசியில் இரண்டு பக்கமும் அதைச் செய்தது. அதற்கு 2 வருடம்கூட எடுக்கவில்லை.