வாழ்த்து அட்டையிலிருந்து எழுந்த ஊர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடிய ஒளிபரப்பாகும் கிறிஸ்துமஸ் காதல் படங்களுக்கென ஒரு வாய்பாடு உண்டு. பெருநகரில் வேலையே வாழ்வென்று இருக்கும் ஒரு பெண், பண்டிகைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தன் சொந்த ஊருக்கோ முன்பின் அறியாத ஒரு சிறுநகரத்துக்கோ வந்து சேர்கிறாள். அங்கே விடுதியோ பேக்கரியோ கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்க்கும் பண்ணையோ நடத்தும் ஒருவனைச் சந்திக்கிறாள். மூடப்படும் நிலையிலுள்ள ஒரு கடையையோ நின்றுபோகவிருக்கும் ஓர் ஊர்விழாவையோ காப்பாற்ற இருவரும் சேர்ந்து பாடுபடுகிறார்கள். முடிவை நெருங்கும் வேளையில் ஒரு மனத்தாங்கல் குறுக்கிட்டு விலக, பனி பொழியத் தொடங்குகையில் முதல் முத்தத்துடன் படம் நிறைவுறுகிறது. ஒரு படத்தைப் பார்த்தவர் அடுத்த நூறு படங்களின் முடிவையும் சொல்லிவிடலாம் என்பதால், இவற்றை ஆழமற்றவை என்று ஒதுக்குவது விமர்சகர்களின் வழக்கமாகிவிட்டது. ஆனால் இவ்வாய்பாட்டின் வேரைத் தேடிச் செல்பவர் திரைப்பட வரலாற்றைக் காட்டிலும் வாழ்த்து அட்டைத் தொழிலின் வரலாற்றுக்குள்தான் வந்து நிற்பார். இப்படங்களின் ஈர்ப்பும் அங்கிருந்து பார்க்கும்போதே சரியாக விளங்குகிறது.

கிறிஸ்துமஸ் அமெரிக்காவில் தொன்றுதொட்டு வந்த குடும்ப விழா என்பது பரவலான நம்பிக்கை. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. விவிலியத்தில் ஆதாரமில்லாத சடங்குகளை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான பியூரிட்டன்கள் ஆண்ட மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், 1659 முதல் 1681 வரை அப்பண்டிகையைக் கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் தண்டம் விதிக்கும் சட்டம் இருந்தது. கூட்டாட்சி அரசு அந்நாளை விடுமுறையாக ஏற்றது 1870இல்தான். இடைப்பட்ட காலத்தில், 1843 டிசம்பரில், லண்டனில் இரண்டு நிகழ்ந்தன: சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ வெளியானது, ஹென்றி கோல் என்ற அரசு அலுவலர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்து, விற்பனைக்கான முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். கஞ்சனின் மனமாற்றத்தைச் சொல்லும் கதையும், ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் படமுமாக, இவ்விரண்டும் பண்டிகையைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தன. பாஸ்டன் நகர அச்சகர் லூயிஸ் பிராங் 1875இல் வண்ண அட்டைகளை அமெரிக்கச் சந்தையில் இறக்கியபின், ஊரை விட்டுப் போனவர் ஊரில் இருப்பவரை ஆண்டுக்கொரு முறை நினைத்துக்கொள்ளும் வழியாக அட்டை நிலைபெற்றது.

நெப்ராஸ்கா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர், 1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில், படஅஞ்சல் அட்டைகள் நிறைந்த இரண்டு காலணிப் பெட்டிகளுடன் மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டிக்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. 1915இல் தீவிபத்தில் சரக்கு முழுவதும் எரிந்துபோன பின்னும், கடன் வாங்கி அச்சு இயந்திரம் நிறுவித் தொழிலைத் தொடர்ந்தார். 1917ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் பரிசுப்பொருள் சுற்றும் மெல்லிய தாள் தீர்ந்துவிட, உறைகளின் உட்பக்கம் ஒட்டுவதற்காக வைத்திருந்த பிரெஞ்சு வண்ணத்தாளை எடுத்து விற்றபோது அது உடனே தீர்ந்தது. பரிசுப்பொருளை வண்ணத்தாளில் சுற்றும் இன்றைய வழக்கம் அவ்வாறுதான் பெருந்தொழிலாயிற்று. ஹால் குடும்பத்தின் இந்நிறுவனமே பின்னர் ஹால்மார்க் எனப் பெயர்பெற்றது. 1920ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அமெரிக்கர்களில் 51.2 விழுக்காட்டினர் நகரவாசிகள் என்று காட்டியது. நகரத்தார் பெரும்பான்மையாகப் பதிவானது அப்போதுதான் முதல்முறை. சிறுநகரத்தை விட்டு வந்த ஒருவர், சிறுநகரங்களை விட்டு வந்த லட்சக்கணக்கானோருக்கு, பனி மூடிய கூரையும் சன்னல் விளக்கும் கொண்ட ஊர்ப்படத்தை விற்றார் என்பதை இவ்விடத்தில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஊர் கைவிட்டுப் போன பிறகுதான் ஊரின் படத்துக்கு விலை ஏறியது.

திரைப்படம் இந்தப் படிமத்தைக் கையிலெடுத்தது 1940களில். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி மிட்செல் லீசன் இயக்கிய ‘ரிமெம்பர் தி நைட்’ 1940இல் வெளியானது. நியூயார்க்கில் நகை திருடிப் பிடிபட்ட பெண்ணை, அவளுக்கு எதிராக வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞரே பண்டிகைக்காலத்தில் இண்டியானாவிலுள்ள தன் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் கதை அது. நகரத்துப் பெண், கிராமத்து வீடு, அங்கே மலரும் காதல் என்று இன்றைய வாய்பாட்டின் உறுப்புகள் பலவும் அதில் உள்ளன. ஆயினும் அப்படத்தின் நாயகி இறுதியில் நீதிமன்றம் திரும்பித் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்க முன்வருகிறாள். அதில் நாயகியாக நடித்த பார்பரா ஸ்டான்விக், 1945இல் வெளிவந்த ‘கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்’ படத்தில், சமைக்கவே தெரியாமல் நியூயார்க் அடுக்ககத்தில் இருந்துகொண்டு, கணவன், குழந்தை, பண்ணைவீடு எனத் தனக்கில்லாத வாழ்க்கையைப் பத்திரிகையில் எழுதிப் புகழ்பெறும் பெண்ணாக வருகிறார். நாட்டுப்புறக் கிறிஸ்துமஸ் என்பது நகரத்து மேசையில் எழுதப்படும் கற்பனை என்பதை, அவ்வகைப் படங்கள் பெருகுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தப் படம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது ஃபிராங்க் கேப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’. அதன் மூலக்கதையை எழுதிய ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன், பதிப்பாளர் கிடைக்காமல், 1943இல் 200 படிகளைத் தம் செலவில் அச்சிட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக நண்பர்களுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று ஆர்.கே.ஓ. திரைப்பட நிறுவனத்தாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கதை நிகழும் பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சிறுநகரம், லாஸ் ஏஞ்சலஸ் அருகே என்சினோவில் அந்நிறுவனத்துக்குச் சொந்தமான திறந்தவெளியில் 4 ஏக்கரில் எழுப்பப்பட்ட அரங்கம். 75 கடைகளும் கட்டடங்களும், வேரோடு பெயர்த்து நடப்பட்ட ஓக் மரங்களுமாக அது அமைந்தது. படப்பிடிப்பு நடந்தது 1946ஆம் ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும். அதுவரை திரையில் பனி என்றால் வெண்சாயம் பூசிய சோள அவல். அதன்மேல் நடந்தால் நொறுங்கும் ஒலி எழும் என்பதால் உரையாடலைப் பின்னர்த் தனியே பதிய வேண்டியிருந்தது. ரஸ்ஸல் ஷெர்மன் தலைமையிலான தொழில்நுட்பக் குழுவினர் தீயணைப்புக் கருவியின் நுரைப்பொருளைச் சோப்புடனும் நீருடனும் கலந்து காற்றுவீசும் பொறியின் விசையில் பறக்கவிட்டு, ஓசையின்றி உதிரும் பனியை உருவாக்கினர். இக்கண்டுபிடிப்புக்கு ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. சட்டை நனைய வியர்க்கும் வெயிலில் கம்பளிக் கோட்டுடன் நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வரும் காட்சிகள் சிலவற்றில், அவர் நெற்றியில் அரும்பியிருக்கும் வியர்வையை இன்றும் காணலாம்.

படம் போட்ட முதலை மீட்கவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமை உரியவாறு புதுப்பிக்கப்படாமல் காலாவதியானபோது, உள்ளூர் நிலையங்கள் கட்டணமின்றி அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. ஆண்டுக்கு ஆண்டு அதே படத்தை அதே நாட்களில் வீட்டில் அமர்ந்து பார்க்கும் பழக்கம் அவ்வாறுதான் மக்களிடம் வேர்பிடித்தது. வாழ்த்து அட்டையாகப் புறப்பட்ட கதை, அட்டையைப் போலவே ஆண்டுக்கொரு முறை வீடு தேடி வரத் தொடங்கியது.

அட்டை நிறுவனம் தானே தொலைக்காட்சிக்குள் வந்தது இதற்கு வெகுமுன்பே. 1951 டிசம்பர் 24 அன்று, தொலைக்காட்சிக்கென்றே இயற்றப்பட்ட முதல் இசைநாடகமான ஜான் கார்லோ மெனோட்டியின் ‘அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்’, ஹால்மார்க் நிறுவனத்தின் ஆதரவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, சமய அலைவரிசைகளின் இணைப்பில் உருவாகியிருந்த ஒடிஸி என்ற அலைவரிசை 2001இல் ஹால்மார்க் சேனல் எனப் பெயர்மாறியது. 2006இல் அது ஒளிபரப்பிய ‘தி கிறிஸ்துமஸ் கார்ட்’, ஆப்கானிஸ்தானிலுள்ள படைவீரன் ஒருவன், கலிபோர்னியாவின் நெவாடா சிட்டி என்ற சிறுநகரிலிருந்து முகமறியாப் பெண் அனுப்பிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வூரைத் தேடிவரும் கதை. 2009இல் கிறிஸ்துமஸ் வரையிலான நாட்களை முழுவதும் இப்படங்களுக்கே ஒதுக்கும் வரிசை தொடங்கிற்று. 2014இல் வெளியான ‘கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்’ படத்தை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். 2019இல் அந்நிறுவனத்தின் இரு அலைவரிசைகளும் சேர்ந்து 40 புதுப்படங்களை அறிவித்தன. பிற அலைவரிசைகளும் நெட்ஃபிளிக்ஸும் இதே வழியில் இறங்கின.

இத்தனை படங்கள் ஓராண்டில் எவ்வாறு உருவாகின்றன என்பது தனியே அறியத்தக்கது. விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்பத் திரைக்கதை 9 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பார்வையாளர் ஒவ்வோர் இடைவேளைக்குப் பின்னும் திரும்பிவரும்படி பகுதிதோறும் ஒரு சிறு எதிர்பார்ப்பு மிச்சம் வைக்கப்படுகிறது. படப்பிடிப்பு பெரும்பாலும் 3 வாரங்களுக்குள் முடிந்துவிடும். ஊதியச் செலவில் ஒரு பங்கை வரிச்சலுகையாக அரசு திருப்பித் தருவதால், அமெரிக்கச் சிறுநகரங்களாகத் திரையில் வருவன பலவும் கனடாவைச் சேர்ந்தவை. ஒட்டாவாவுக்கு அருகிலுள்ள ஆல்மான்ட் அவற்றுள் ஒன்று. ஆற்றுநீரின் விசையில் ஓடிய கம்பளி ஆலைகளால் 19ஆம் நூற்றாண்டில் செழித்த ஊர் அது. ஆலைகள் மூடப்பட்ட பின் அவற்றின் கற்கட்டடங்கள் எஞ்சின, ஒன்றில் நெசவு அருங்காட்சியகம் இயங்குகிறது. வளைந்து இறங்கும் அதன் மில் தெருவில், மரங்கள் பச்சையாக இருக்கும் மாதங்களிலேயே கடை முகப்புகளில் மாலைகள் தொங்கவிடப்படுகின்றன; நடைபாதையில் வெள்ளைப் பஞ்சுவிரிப்பு உருட்டி விரிக்கப்படுகிறது; சன்னல் விளிம்புகளில் நுரை தெளிக்கப்படுகிறது; ஊர் மக்களில் சிலர் கழுத்துத்துணியும் கையுறையுமாக வியர்த்தபடி கூட்டத்தில் நடக்கிறார்கள். ஆலைகளை இழந்த ஊர், எதையும் இழக்காத ஊராகத் திரையில் நடிக்கிறது. இதில் போலித்தனத்தை மட்டும் காண்பது சரியன்று. அந்தக் கற்கட்டடங்கள் இடிபடாமல் நிற்பதற்கும் கடைகளுக்கு ஆள் வருவதற்கும் இந்த வேடம் கொஞ்சமேனும் துணைசெய்கிறது.

இனி, முடிவு தெரிந்த கதையை மக்கள் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள் என்ற வினாவுக்கு வரலாம். தமிழ்க் கவிதை மரபை அறிந்தவருக்கு இது புதிராகத் தோன்ற வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துக்குரிய மரமும் உணவும் தொழிலும் கருப்பொருள், மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று வகுத்த திணை மரபில், முல்லை என்றதும் காடும் கார்காலமும் மாலைப்பொழுதும் காத்திருத்தலும் கேட்பவர் மனத்தில் தாமே எழுந்துவிடும். புதுமை அந்த வரம்புக்குள்தான் தேடப்படும். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை, கவிதைத் தரத்திலும் ஒப்புமையில்லை; எனினும் சிறுநகரமும் பனிக்காலமும் முதலாக, ஊசியிலை மரமும் இஞ்சி பிஸ்கட்டும் சூடான கோகோவும் கருவாக, ஊர்திரும்பல் உரியாக அமைந்த இப்படங்களும் அவ்வாறே பார்ப்போரின் முன்னறிவை நம்பி நிற்கின்றன.

ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்ற ஆய்வு இங்கே பெரிதும் உதவுகிறது. காதல் நாவல்களை விடாது படிக்கும் பெண்களை ஓர் அமெரிக்க ஊரில் நேரில் சந்தித்துப் பேசிய அவர், கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உழைத்துக் களைத்த அப்பெண்கள் கதைக்காக மட்டுமன்றி, படிக்கும் அந்த நேரம் தமக்கே உரியது என்பதற்காகவும் படிக்கிறார்கள் என்று கண்டார். கதை எங்கும் ஏமாற்றிவிடாது என்ற உறுதி அவர்களுக்கு வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் காலம் குடும்பப் பெண்களுக்கு ஆண்டின் மிகுதியான வேலைக்காலம். சமையலும் பரிசு சுற்றலும் அட்டை எழுதலும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. கை வேலையில் இருக்க, கண் அவ்வப்போது திரைக்குப் போய்வந்தாலும் இழை அறுந்துபோகாத கதை அந்த நேரத்துக்கு ஏற்றது. மனைவியை இழந்தவரும் பிள்ளைகள் தொலைவில் வாழ்பவரும் தனியே இருக்கும் மாலையில், எல்லாரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஊரை இரண்டு மணி நேரம் பார்த்திருப்பதை இழிவாகப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த ஊருக்குள் யார் யார் வரலாம் என்ற கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாமலே இருந்தது. வெள்ளையர் அல்லாதார் நாயகியின் தோழியாகவோ மேலதிகாரியாகவோ வந்துபோயினர். தன்பால் இணையர் அறவே இல்லை. 2019 டிசம்பரில், இரு மணப்பெண்கள் முத்தமிடும் விளம்பரம் ஒன்றை ஹால்மார்க் சேனல் நீக்கியது. கடும் எதிர்ப்பு எழவே, சில நாட்களில் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த மாதம் அதன் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2020இல் ‘தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்’ படத்தில் தன்பால் இணையர் முக்கியப் பாத்திரங்களாயினர். 2022இல் ‘தி ஹாலிடே சிட்டர்’ படத்தில் காதலர்களே இரு ஆண்கள். மரமும் கோகோவும் பனியும் அப்படியே இருந்தன. கதை எங்கும் தடுமாறவில்லை. இத்தனை ஆண்டுகள் கதவை மூடிவைத்திருக்க வாய்பாடு காரணமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

என்சினோவில் எழுப்பப்பட்ட பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் அரங்கம் 1950களில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வீடுகள் எழுந்தன. ஆனால் நியூயார்க் மாநிலத்தின் செனிக்கா ஃபால்ஸ் நகர மக்கள், கேப்ராவின் ஊருக்கு மூலம் தங்கள் ஊரே என்று நம்பி ஒவ்வொரு டிசம்பரிலும் விழா எடுக்கின்றனர். 2010இல் அப்படத்துக்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டுப் படத்துக்காக ஹாலிவுட் படப்பிடிப்புத்தளத்தில் கட்டிக் காட்டப்பட்ட கனெக்டிகட்டில், இப்போது மாநில அரசே, கிறிஸ்துமஸ் படங்கள் எடுக்கப்பட்ட 20க்கும் மேற்பட்ட இடங்களை இணைத்து, 2024 நவம்பரில் ஒரு சுற்றுலாத்தடத்தைத் தொடங்கியிருக்கிறது.