குண்டெ நொப்பி

எங்கள் வீட்டில் இதயம் கிடையாது, குண்டெதான் உண்டு. ஓரிக்கையில் தறி போட்டிருக்கிற தெலுங்கு வீடுகளில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தமிழ், அடுப்படிக்கும் சண்டைக்கும் தெலுங்கு. உடம்பும் தெலுங்குதான். நெஞ்சு வலித்தால் 'குண்டெ நொப்பி'. இதை ஒரு தமிழ்க் காதில் போட்டுப் பாருங்கள், பின்பக்கம் வலிக்கிறது என்று கேட்கும். கொஞ்சம் பழைய தமிழ் தெரிந்தவர் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டுமே நெஞ்சுக்கு வெகு தூரம்.

பெருமாளும் ஆழ்வாரும் ஓர் இரவு தங்கியதால் ஓரிருக்கை, அது மருவி ஓரிக்கை என்பது ஊர்க்கதை. சாமி ஒரு ராத்திரியில் கிளம்பிவிட்டார். விஜயநகரக் காலத்தில் காஞ்சிப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் எங்கள் ஆட்கள் கிளம்பவே இல்லை, பேச்சையும் விடவில்லை.

என் அவ்வா பட்டு முதலாளியிடம் கூலிக்குப் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் தெரிந்தவர். ஆனால் வலி என்று வந்துவிட்டால் பின்னால் கற்ற மொழிதான் முதலில் கழன்று விழுகிறது. ஒரு விடியற்காலை ஆஸ்பத்திரியில் 'குண்டெ, குண்டெ' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க பாட்டி விழுந்தீங்க?" என்று கேட்டார் நர்ஸம்மா. கூட என் அத்தை இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள். அந்த நர்ஸம்மா மேல் எங்களில் யாருக்கும் கோபமில்லை. எந்தப் பாடப்புத்தகத்தில் அவர் குண்டெயைப் படித்திருக்க முடியும்?

இதே மாதிரி ஒரு சொல் அமெரிக்காவில் ஒரு சட்ட வரலாற்றுக்கே அடிக்குறிப்பு ஆனது. 1980இல் ஃப்ளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞரை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். அவர்கள் ஸ்பானிஷில் அதற்குத் தின்றது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மருத்துவர்கள் காதில் அது போதை என்று விழுந்தது. போதை மருந்துக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோது மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கை கால் நான்கும் போயிற்று. வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று இதைப் படிக்கிற எல்லாரும் மனதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

அங்கே இதற்குச் சட்டக் கொக்கி ஒன்று ஏற்கெனவே இருந்தது. மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்த நிறுவனமும் பூர்வீக நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டம். சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொக்கியில் மொழியையும் மாட்டியது. சிறுபான்மையினர் அதிகமாகச் செத்துப்போகிறார்கள் என்று 1985இல் அரசே ஓர் அறிக்கை வெளியிட்டது. 1990இல் அவர்கள் உடல்நலத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆங்கிலம் சரளமாக வராத சமூகங்களில் இருமொழி மருத்துவச் சேவை நடத்த மானியம் கொடுக்கும் திட்டம் அதன் வழியாகத்தான் பிறந்தது. பிறகு 2009இல், நோயாளிப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் மருத்துவருக்கு ஊக்கத்தொகை, மெடிகேர் கணக்கில் ஒருவருக்கு 44,000 டாலர் வரை. அதை வாங்க வேண்டுமென்றால் பதிவேட்டில் 'விரும்பும் மொழி' என்ற கட்டத்தை நிரப்பியிருக்க வேண்டும்.

அந்தக் கட்டத்தை நான் கையால் தொட்டிருக்கிறேன். சென்னையில் என் முதல் வேலையே ஓர் அமெரிக்க மருத்துவமனை மென்பொருள்தான். மொழிப் பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் தமிழ் வரும், இன்னும் கொஞ்சம் போனால் தெலுங்கு வரும். அவ்வா நியூ ஜெர்சியில் இருந்திருந்தால் அவருக்கு அந்தப் பட்டியலில் ஓர் இடம் இருந்தது. எங்கள் ஊர் ஓ.பி. சீட்டில் பேர், வயசு, ஆணா பெண்ணா, அவ்வளவுதான்.

இந்தத் துணியை இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவில் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் என்று 2000இல் சட்டம் போட்டது மாசசூசெட்ஸ் மாநிலம். அதே மாநிலத்தின் வூஸ்டர் நகரத்தில் 1822இல் பிறந்த ஒருவர் இந்தக் கேள்வியை நூற்றைம்பது வருஷம் முன்பே, அதுவும் தமிழில், முழுக்க வேறு வழியில் தீர்க்கப் பார்த்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். ஈழத்து வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது, கவிஞர் அம்பி அவரைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். இந்தப் பக்கம்தான் தெரியாது.

அவருக்கு முன்னால் 1820லிருந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர் ஜான் ஸ்கடர். பின்னால் மதராஸுக்கு வந்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கியவர். அதாவது எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற பெரிய ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு குடும்ப உறவு உண்டு. (வேலூரில் அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், ஓட்டல் எங்கும் வங்காளப் பலகைகள். நோயாளி கையில் காசோடு வந்தால் மொழி எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதற்கு அந்தத் தெருக்கள் போதும்.)

கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறுவருஷமே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்க ஆரம்பித்தார், ஆங்கிலத்தில். வட்டுக்கோட்டை செமினரியில் படித்துவந்தவர்கள், நன்றாகவே கற்றார்கள். ஆனால் படித்து முடித்தவர்களை ஆங்கிலமே வெளியே இழுத்தது. அரசாங்க உத்தியோகம், கோப்பித் தோட்டம் என்று போய்விட்டார்கள். கிராமத்தில் யார் இருக்கப் போகிறார்? ஆங்கிலத்தில் படித்தவருக்கு அதற்குத் தகுந்த சம்பளம் வேண்டும், அதைக் கிராமம் கொடுக்காது. இதற்கிடையில் அவரை அனுப்பிய அமெரிக்க மிஷனும் ஆங்கிலக் கல்விமீது நம்பிக்கை இழந்து 1855இல் செமினரியையே மூடிவிட்டது. உடல்நலம் கெட்டு ஊர் போன கிறீன் 1862இல் திரும்பி வந்து, 1864லிருந்து வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

இன்றைய அமெரிக்க மானியம் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவரை நிறுத்துகிறது. கிறீன் மருத்துவரையே நோயாளியின் மொழிக்குள் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் புத்தகம் வேண்டுமே. 1852லேயே முதல் நூலைக் கொண்டுவந்திருந்தார். பெயர், 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. வாய் சுளுக்கிக்கொள்ளும்தான். உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம் மூன்றுக்கும் அன்று கையில் பழகிய பெயர் இல்லை. 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், அதே வருஷம் வைத்தியாகரம். மனுஷ அங்காதிபாதம் என்பது கிரே எழுதிய உடற்கூற்று நூல், இன்றும் மருத்துவ மாணவர்கள் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற அதே கிரே. 1875இல் கெமிஸ்தம் வந்தது. கெமிஸ்ட்ரிக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கும் இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மொத்தம் 4,000 பக்கத்துக்கு மேல்.

தனியாகச் செய்யவில்லை. டான்ஃபோர்த், சாப்மன் என்று மிஷன் பெயர் சூட்டப்பட்ட தமிழ் மாணவர்கள்தான் கூட உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்கள். கிறீனைக் கொண்டாடுகிறவர்கள் இவர்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழ், இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில். நடைமுறையில் சமஸ்கிருத வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கிறது. சுகரணவாதம் என்று சொன்னால் மானிப்பாய் விவசாயிக்கும் புரிந்திருக்காது. ஆனால் அதைப் படித்த வைத்தியர் விவசாயியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தமிழிலேயே யோசித்தார், அதுதான் பெரிய விஷயம். கிறீனிடம் படித்த அறுபதுக்கு மேற்பட்டவர்களில் 33 பேர் முழுக்கத் தமிழில் படித்தவர்கள்.

சரி, பணம்? மானிப்பாய் ஓடியது மிஷன் காசில், அது எப்போதும் பற்றாக்குறை. யாழ்ப்பாண நகரத்தில் 1850இல் அரசாங்க அதிபர் டைக் முயற்சியில் வந்த 'நட்புறவுச் சங்க' ஆஸ்பத்திரி, பொதுமக்கள் நன்கொடையும் அரசு உதவியும் கலந்து நடந்தது. கிறீனின் மாணவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால் அரசின் பெரிய பணம் வேறு பக்கம் போனது. வன்னியில் பறங்கி நோயால் ஊர்கள் காலியாவதைப் பற்றி மருத்துவர் லூஸ் கொடுத்த அறிக்கைக்குப் பின் 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி திறந்தது. பாடம் ஆங்கிலத்தில். 1872இல் கோப்பித் தோட்டங்களுக்கு மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளை வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு மருத்துவர். நோயாளிகள் யார்? நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன, தமிழைத் தவிர வேறு தெரியாத கூலிகள். கிரே தமிழில் வந்ததும் இதே 1872இல்தான், இதே தீவில்தான்.

தமிழில் அறிவியல் நிற்காது, கிறீனின் கதையே அதற்குச் சாட்சி என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. புத்தகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், மாணவரும் இருந்தார்கள். உத்தியோகத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தது. தமிழில் படித்தவருக்குச் சம்பளம் தர ஒரு பதவி இல்லாதபோது மொழி என்ன செய்யும்? கிறீன் 1873இல் ஊர் திரும்பினார், 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர். அவர் வகுப்பு அவருக்குப் பின் நீடிக்கவில்லை.

இலங்கை அரசு இந்தப் பாடத்தைத் திரும்பத் தொட ரொம்ப நாள் ஆயிற்று. 1956இல் சிங்களம் மட்டும். 1987இல் 13ஆம் திருத்தத்தின் வழியாகத் தமிழும் ஆட்சிமொழி. 2007இல் ஒரு சுற்றறிக்கை: புதிதாக அரசு வேலைக்கு வருகிறவர் ஐந்து ஆண்டுக்குள் மற்ற ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும், தேறினால் ஊக்கத்தொகை. நுவரெலியாவில் சிங்களச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கத் தெரிந்த ஆளைத் தேடுகிற தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஐந்து ஆண்டு எப்போது முடியும் என்பது வேறு கதை. ஆனால் மொழி தெரிந்தால் பணம் என்று காகிதத்திலாவது வந்துவிட்டது.

இங்கே? அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறைதீர்க்கும் மனுவை நாட்டின் எந்த மொழியிலும் எழுதலாம் என்கிறது. 350ஏ, தொடக்கப் பள்ளியில் தாய்மொழி. 350பி, மொழிச் சிறுபான்மையினருக்கு ஓர் ஆணையர். ஒரு மாவட்டத்தில் 15 சதவீதம் பேர் பேசினால் முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியில் வெளியிட வேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆஸ்பத்திரி இதில் எங்கும் இல்லை. அவ்வாவுக்குத் தப்பான வைத்தியம் நடந்திருந்தால் அதைப் பற்றித் தெலுங்கில் மனு எழுத எங்களுக்கு உரிமை இருந்தது. வைத்தியத்துக்கு முன்னால் தெலுங்கில் ஒரு கேள்வி கேட்கப்படும் உரிமை இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் கை நசுங்கி வருகிற ஒடியா பையன்களுக்கு நிலைமை இன்னும் மோசம். எங்களுக்காவது வீட்டில் தமிழ் பேசுகிற அத்தைகள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது, யாரும் திட்டமிடாமலே. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாக வருகிறவர்கள் உள்ளூர்ப் பெண்கள், மாத ஊக்கத்தொகைக்கு. எங்கள் தெருவுக்கு வந்த அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிற தெலுங்கு வீட்டுக்காரர். தறிக்குழியில் கால் விட்டபடியே கையை நீட்டினால் போதும், பட்டையைச் சுற்றிக்கொண்டே தெலுங்கில் விசாரிப்பார். மாத்திரையை எந்த வேளை விழுங்கணும் என்பதும் தெலுங்கில்தான். கிராமத்து ஆளையே கிராமத்துக்கு எடுத்தால் மொழி தானாக வந்துவிடும் என்ற கிறீனின் கணக்கு, கிறீனைக் கேள்விப்படாத ஓர் அரசாணையில் வேலை செய்தது.

அவருக்குத் தெலுங்கு தெரியும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கப்படவும் இல்லை. போன தை மாதம் அவர் கல்யாண வேலையாக லீவில் போனபோது வேறு ஒரு தெருவிலிருந்து இன்னொரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண், பொறுமையாகத்தான் கேட்டார். பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேம்மா" என்று தமிழில் சொல்லி அனுப்பிவிட்டார்.